கலப்பற்றுப் பஞ்சு

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் தீவுகளின் பெயர்கள் இருக்கின்றன. 1025 வாக்கில் கடல் கடந்துபோன ராஜேந்திர சோழனின் படை வென்ற இடங்களை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தி அது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று மொத்தம் பதின்மூன்று இடங்கள். இலாமுரிதேசம் என்பது சுமத்ராவின் வடமுனை. மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். கடாரம் மலேசியாவின் கெடா. கடலைப் பார்க்க இரண்டு மணி நேரம் பேருந்தில் போகவேண்டிய ஊரில், நெல்வயல் சூழ்ந்த மண்ணில், ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தீவுப் பெயர்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

போனவர்களின் அன்றாடம் அந்தக் கல்லில் இல்லை. மரக்கலம் ஒன்று வங்கக்கடலைத் தாண்ட வேண்டுமானால் அதில் ஆட்கள் வாரக்கணக்கில் உண்டு உறங்கி வாழ வேண்டும். பலகை இடுக்குகளில் கசியும் நீரை இரவும் பகலும் முறைவைத்து இறைக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போன கலம், வாடை எழும்வரை திரும்ப முடியாது. அதுவரை ஏதோ ஒரு தீவின் கழிமுகத்தில் கிடந்தபடி பாயைத் தைத்து, கயிற்றை முறுக்கி, அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்க வேண்டும். வெற்றிகளைச் செதுக்கக் கல்தச்சர் இருந்தார்கள். கப்பலின் கசிவை அடைத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இது பழைய குறை. தமிழர் கடலோடிய பெருமையைப் பேசும் மேடைகளில் இன்றும் அதே குறை நீடிக்கிறது. படைகள், துறைமுகங்கள், ஏற்றுமதி எல்லாம் பேசப்படுகின்றன. ஒரு பாய்மரக் கலத்தை எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடலோடும் அறிவில் பெரும்பங்கு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மரக்கலம் முழுக்க இடுக்குகளால் ஆனது. எவ்வளவு தேர்ந்த தச்சர் இழைத்தாலும் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இருக்கும். அதில் எண்ணெயில் தோய்த்த பஞ்சையோ தேங்காய் நாரையோ திரியாக முறுக்கி, உளியும் மரச்சுத்தியலும் கொண்டு அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசுவார்கள். இதற்குப் பெயர் கலப்பற்று. பேச்சில் கலப்பத்து. திரி தளர்வாக இறங்கினால் முதல் அலையிலேயே பிதுங்கி வெளியே வந்துவிடும். மிகையாக அடித்தாலோ பலகை விலகும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை உளியின் சத்தம் மாறுவதைக் கேட்டே அறிய வேண்டும். இதைக் காதால் பழகியவர்கள்தான் செய்ய முடியும்.

அடிப்பலகைக்கு வேறொரு பகை உண்டு. கப்பல் புழு என்று சொல்லப்படும் அது உண்மையில் புழுவல்ல, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மரத்தில் புகுந்து உள்ளேயே வளர்ந்து, பலகையைத் தேன்கூடாக்கிவிடும். வெளியே பார்த்தால் ஊசி குத்திய அளவு துளைதான் தெரியும். இதைத் தடுக்கச் சுண்ணாம்பைக் கொழுப்போடோ எண்ணெயோடோ குழைத்து அடியில் கனமாகப் பூசினார்கள். மேற்பகுதிக்குச் சுறா எண்ணெய். நாற்றம் ஊரைத் தூக்கும், ஆனால் மரம் நிற்கும். இன்னொரு உபாயமும் இருந்தது. கப்பல் புழு நன்னீரில் பிழைக்காது. ஆற்று முகத்துவாரத்துக்குள் கலத்தை ஏற்றிச் சில வாரம் நிறுத்தினால் அது செத்துப்போகும். அதே நன்னீர், மழையாகத் தளத்தின் மேல் தேங்கினால் பலகையை மக்கவைத்துவிடும். அதனால் தளத்தைக் கடல்நீரால்தான் கழுவுவார்கள். அடிக்கு ஆற்று நீர், மேலுக்கு உப்பு நீர். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தவன் கப்பலை இழப்பான்.

காவிரிப் படுகையின் விவசாயிக்கு இது அந்நியமான அறிவு அல்ல. நடவுக்கு முன் அண்டை வெட்டி வரப்பைச் செதுக்கி மெழுகுவதும், நாற்று வேர்பிடித்த பிறகு விடியலில் மண்வெட்டியோடு போய் நண்டு வளை தேடுவதும் இதே வேலைதான். விரல் நுழையும் ஒரு துளையைப் பார்க்காமல் விட்டால் இரவில் வயல் நீரெல்லாம் பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். வயலில் தண்ணீர் வெளியேறாமல் காக்க வேண்டும், கலத்தில் உள்ளே வராமல் காக்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஊர் கூடி ஆற்றையும் ஏரியையும் பழுதுபார்க்கும் குடிமராமத்து என்ற ஏற்பாடு வளர்ந்த மண்ணில், கடற்கரையிலும் அப்படியொரு மராமத்து இருந்ததில் வியப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். வயல் சம்பா நாற்றில் நிறைந்திருக்கும் அந்த மாதங்களில் கலங்கள் கரையேறியோ கழிமுகத்துக்குள் ஒதுங்கியோ கிடக்கும். கரையில் கிடந்தாலும் அவற்றுக்கு ஓய்வில்லை. காய்ந்த பலகை சுருங்கி இடுக்கு விரியும் என்பதால் கீற்றுப் போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தஞ்சை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களே மறந்துபோவது வழக்கம். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று பாக்கு நீரிணையின் ஓரமாக அது நீள்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடக் கட்டிய எட்டு மாடி மனோரா அங்கேதான் நிற்கிறது. கடலில் இருப்பவர்களுக்கு அது கரையைக் காட்டும் அடையாளம். அந்த ஆழமற்ற கடலுக்கென்றே உருவானது வத்தை என்ற படகு. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் பாக்கு நீரிணைப் படகுகளின் சமன்பலகையை விளக்கியிருக்கிறார். படகுக்குக் குறுக்கே நீண்ட பலகை ஒன்று போடப்பட்டிருக்கும். காற்று ஒருபக்கம் சாய்க்கும்போது ஆட்கள் மறுபக்கம் அந்தப் பலகையின் நுனிவரை ஏறிப்போய் உட்கார்ந்து தங்கள் உடல் எடையால் படகை நிமிர்த்துவார்கள். காற்று அடங்க அடங்க உள்ளே நகர்வார்கள். இன்றைய பந்தயப் படகுகளில் வீரர்கள் விளிம்புக்கு வெளியே சாய்ந்து தொங்குவதைத் தொலைக்காட்சியில் வியந்து பார்க்கிறோம். முத்துப்பேட்டைக் கடலில் அது சாப்பாட்டுக்கான வேலையாக இருந்தது.

இந்தக் கரைக்கு எதிர்க்கரை யாழ்ப்பாணம். நாகப்பட்டினத்திலிருந்து அரிசியும் ஓடும் அங்கே போயின. அங்கிருந்து புகையிலையும் பனைமரச் சட்டங்களும் வந்தன. இரண்டு கரைக்கும் நடுவே ஓடிய கலங்களில் பெரும்பேர் பெற்றவை யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர்களுடையவை. அந்த ஊரின் மேத்திரிகள் என்ற கப்பல் தச்சர்கள் வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டிய கப்பல்கள் ரங்கூன்வரை போய்வந்தன. அவற்றுள் ஒன்றுக்கு அன்னபூரணி அம்மாள் என்று பெயர் வைத்தார்கள். கரண்டி ஏந்திச் சோறிடும் தெய்வத்தின் பெயர். அரிசி ஏற்றும் கடலில் ஓடிய கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

வேப்பமரத்தில் கட்டிய அந்தக் கப்பலின் நீளம் 89 அடி. இரண்டு பாய்மரங்கள். அதை வந்து பார்த்து வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர்.

ராபின்சனைப் பற்றிச் சற்று சொல்லவேண்டும். படகில் வாழ்ந்தபடி வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றுவது என்று இன்று உலகில் பலர் மேற்கொள்ளும் வாழ்க்கையை ஆரம்பித்துவைத்த சிலரில் அவர் ஒருவர். 1928இல், இருபதுகளின் நடுவில் இருந்தபோது, 32 அடிப் பாய்மரப் படகில் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். படகின் பெயர் ஸ்வாப். வடமொழியில் உறக்கம், கனவு என்று பொருள். தாஹிதியில் எதெரா என்ற தீவுவாசி துணைக்குச் சேர்ந்துகொண்டார். பசிபிக் தீவுகள், ஜாவா, இந்தியப் பெருங்கடல், செங்கடல் வழியே 1931இல் ஊர் திரும்பியபோது, அதுவரை உலகைச் சுற்றிய படகுகளிலேயே மிகச் சிறியது அதுதான் என்று பேசப்பட்டது. 1934இல் மனைவி புளோரன்சோடு கலாபகோஸ் தீவுகளுக்குப் போனபோது அவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வழியே வந்த மீன்பிடிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி பனாமாவை எட்டி, அமெரிக்கக் கடற்படை விமானத்திலும் கப்பலிலும் மருத்துவர்களை அனுப்பிக் காப்பாற்றியது. தீவுகளின் அழகுப் படங்களைப் பார்த்து இந்த வாழ்க்கைமேல் ஆசைப்படுகிறவர்கள், மருத்துவர் இல்லாத ஆயிரம் மைல் தொலைவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அப்படிக் கடலையே வீடாகக் கொண்ட ஒருவர் உலகின் துறைமுகங்களையெல்லாம் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தின் வடகரையில் ஒரு கப்பலை வாங்கினார் என்பது சிறிய சான்றிதழ் அல்ல. நீராவிக் கப்பல் உலகை ஆண்டுகொண்டிருந்த 1930களில், பாயை மட்டும் நம்பி வாணிபம் செய்யும் பெரிய மரக்கலங்களை இன்னும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கரை அது. கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டி, அமெரிக்காவுக்கு ஓட்டிவர ஏற்பாடு செய்தார். 1937இல் அன்னபூரணி ஊரைவிட்டுக் கிளம்பியது. தூத்துக்குடியில் தண்டல் என்று அழைக்கப்படும் கப்பல் தலைவரை வல்வெட்டித்துறையில் தண்டையல் என்பார்கள். அந்தப் பொறுப்பில் சென்றவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அவரோடு சேர்த்து ஐந்து தமிழர்கள் கடைசிவரை பயணம் செய்தார்கள். ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா. 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் அந்த வேப்பமரக் கப்பல் நங்கூரமிட்டது. பாஸ்டன் செய்தித்தாள்கள் அதைப் படத்தோடு வெளியிட்டன.

இந்தப் பயணத்தைப் பேசும் எவரும் தூரத்தைத்தான் பேசுகிறார்கள். தூரத்தைவிட நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். செங்கடலின் வெயிலில் மேற்பலகை காய்ந்து இடுக்கு விரிந்திருக்கும். அட்லாண்டிக்கின் குளிரிலும் புயலிலும் சட்டமெல்லாம் முறுகியிருக்கும். வெப்பக்கடலுக்கென்று கட்டிய கலம் அது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அடித்தட்டுக்குள் இறங்கி, விளக்கைப் பிடித்து, எங்கே கசிகிறது என்று பலகை பலகையாகத் தடவிப் பார்த்திருந்தால் மட்டுமே அது போய்ச் சேர்ந்திருக்க முடியும். பருத்திப் பாய் வெயிலில் இற்றுப்போகும், உரசும் இடத்தில் கிழியும். கயிறு கப்பியில் தேயும். ஊசியும் நூலும் எடுக்காத நாள் ஒரு பாய்மரக் கப்பலில் இருக்காது. சமையலும் அப்படித்தான். மண் கொட்டிய பெட்டிக்குள் அடுப்பு, அளந்து கொடுக்கும் நன்னீர், சாக்கில் புழுங்கல் அரிசி, கருவாடு, புளி. புழுங்கலரிசியில் வண்டு எளிதில் விழாது, மாதக்கணக்கில் கெடாது. வயல்காட்டுச் சமையலறையின் அந்தக் கண்டுபிடிப்பு இல்லாமல் தமிழரின் நெடுங்கடல் பயணம் ஏது?

ராபின்சன் தன் படகுகளின் ஒவ்வொரு கயிற்றையும் பற்றிப் புத்தகங்களில் எழுதினார். பிறகு மாசசூசெட்சில் படகுத்துறை அமைத்து, வாரூவா என்ற 70 அடி இரட்டைப் பாய்மரக் கப்பலைக் கட்டி, தாஹிதிக்குக் குடிபோய் அங்கேயே வாழ்ந்து 1987இல் இறந்தார். அவருடைய அறிவு அச்சில் இருக்கிறது. தம்பிப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் அந்தப் பயணத்தில் எதை எப்போது பழுதுபார்த்தார்கள், எந்தப் பலகை தொல்லை கொடுத்தது, எதைக் கொண்டு அடைத்தார்கள் என்பவற்றில் தமிழில் நம் கைக்கு வந்தது மிகக் குறைவு. ஒரே கப்பலின் இரண்டு தரப்பில், ஒரு தரப்பு எழுதியது, இன்னொரு தரப்பு வேலை செய்தது. இந்த இழப்பை ஆறுதல் சொல்லி மூட வேண்டியதில்லை.

தமிழில் கப்பல் நூலே இல்லை என்பதும் சரியல்ல. கப்பல் சாத்திரம் என்ற ஏட்டுச்சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அச்சிட்டது. என்ன மரம், எவ்வளவு அளவு, எந்த நாளில் நீரில் இறக்குவது என்றெல்லாம் அது சொல்கிறது. தூத்துக்குடித் தோணிக்காரர்களின் நூற்றாண்டைக் கொற்கை நாவலில் ஜோ டி குரூஸ் நிறைத்துவைத்தார். 2013இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாகைக்கும் தோப்புத்துறைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஏடும் நாவலும் எவ்வளவு நிறைந்திருந்தாலும், உளியின் சத்தம் மாறும் கணத்தை ஏட்டிலிருந்து எடுக்க முடியாது. அது கைக்குக் கை போகவேண்டிய பொருள்.

அந்தக் கைவேலையின் மதிப்பு என்ன என்பதை 1968இல் ஓர் ஆங்கிலேயர் நடுக்கடலில் அனுபவித்தார். ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன், பம்பாயில் தேக்குமரத்தில் கட்டிய சுஹைலி என்ற 32 அடிப் படகில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் புறப்பட்டார். அட்லாண்டிக்கில் இறங்கிச் சில வாரங்களிலேயே அடிப்பலகை இடுக்குகள் விரிந்து தண்ணீர் பெருக ஆரம்பித்தது. அவர் கடலில் குதித்து, படகுக்கு அடியில் மூச்சடக்கி மூழ்கி, பஞ்சுத்திரியை இடுக்கில் திணித்து, மேலே துணி வைத்துச் செம்புத் தகடு அடித்தார். வேலைக்கு நடுவே சுறா ஒன்று சுற்ற, ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பினார். அந்தப் போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. மற்றவர்களில் சிலருடைய படகுகள் அவருடையதைவிட வேகமானவை. சுஹைலியை உலகம் சுற்றவைத்தது இடுக்கில் திணித்த பஞ்சு என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தப் பஞ்சை நம் கரையில் ஆயிரக்கணக்கானோர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்துக்கொண்டது. இந்தியக் கடற்படையின் தாரிணி அப்படிப்பட்ட 56 அடிப் படகு. 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து கிளம்பி, நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று அது திரும்பியது. ஓட்டியவர்கள் இரண்டே பெண்கள். கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. பலகை இடுக்கு அந்தப் படகில் இல்லை. ஆனால் பாய், கயிறு, சுக்கான், மின்கலம், குடிநீர் என்று அன்றாடம் கவனிக்கவேண்டியவை குறையவில்லை. இரண்டு பேரும் முறைவைத்துத் தூங்கியபடி அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

சோழமண்டலக் கரையின் மீன்பிடிப் படகுகள் மாறியதில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பெரும்பங்கு உண்டு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த அலை, கட்டுமரங்களையும் மரப்படகுகளையும் உடைத்துப்போட்டது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அவற்றைக் குறைசொல்ல எதுவுமில்லை. பிழைப்பு மீண்டது. புழு அரிக்காது, பழுதானால் பசை தடவி ஒட்டிவிடலாம். மீனவருக்கு அது நிம்மதி. ஆனால் கலப்பற்று அடிக்கிறவருக்கு இனி யார் கூலி கொடுப்பார்கள்?

படகுகளை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்ற யோசனை எப்போதும் வரும். கூரைக்குக் கீழே உலர்ந்து நிற்கும் மரக்கலத்தின் இடுக்குகள் ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போகும். அதைத் திரும்பக் கடலில் இறக்கினால் மூழ்கிவிடும். தண்ணீரில் கிடந்து, ஆண்டுதோறும் கரையேறி, சுரண்டி, திரி மாற்றி, மறுபடி இறங்கும் படகுதான் படகு. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு என்று கடல்சார் வரலாறு, கடல்சார் தொல்லியல் துறையே இருக்கிறது. நாகையில் கடுவையாற்று முகத்துவாரத்தில் துறைமுகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரே ஒரு வத்தையைக் கட்டி, நீரில் போட்டு, அதை ஆண்டுமுழுதும் பராமரிக்க நான்கு இளைஞருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். மாமன்னரின் கடற்படைக்கு எழுப்பும் சிலையைவிட அது மலிவு.

அதற்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நாகூரிலோ தோப்புத்துறையிலோ அதிராம்பட்டினத்திலோ இதைப் படிக்கிறவர் வீட்டுப் பரணில் பழைய உளியும் மரச்சுத்தியலும் கிடக்கக்கூடும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அதைப் பிடிக்கும் விதம் தெரிந்திருக்கக்கூடும். ஒரு கைப்பேசி போதும். ஒவ்வொரு கருவிக்கும் அவர் சொல்லும் பெயரையும், அவர் அடித்துக்காட்டும் சத்தத்தையும் பதிவுசெய்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அந்தத் துறைக்கு அனுப்புங்கள். இந்த ஆண்டே அனுப்புங்கள். எதிர்க்கரையையும் மறக்க வேண்டாம். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடத் தொடங்கினார்கள். சில மணி நேரப் பயணம். இறங்கிக் கடற்கரைச் சாலையில் கிழக்கே போனால் வல்வெட்டித்துறை வரும். அன்னபூரணியைக் கட்டிய ஊர் அது. அங்கேயும் போய்க் கேட்கலாம்.